பட்டியலின் கடைசி வரி

இப்பக்கத்துக்கு வருகின்ற வாசகர்களில் பெரும்பாலானோர் அரசியல் வாசிக்கவே வருகிறீர்கள் என்பதை அறிவேன். இன்று நான் எழுத எடுத்துக்கொண்டிருப்பது கணனி வலையமைப்பில் பயன்படும் சுவிட்ச் ஒன்றைப் பற்றி. சற்றுப் பொறுமையோடு வாசித்தால் அரசியல் தானாகவே வந்து சேரும்.

எனது சகோதரியின் மகன் வலையமைப்புத் தொழில் செய்கிறார். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களில், கல்வி நிலையங்களுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் கம்பி இழுத்துக் கணனிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுப்பது அவரது பிழைப்பு. அண்மையில் ஒரு நாள், ஒரு தனியார் கல்வி நிலையத்தில் வேலை முடியாமல் இருந்த அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன நான், வெயில் தணியட்டும் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டது, பத்திரிகைத் துறையில் நான் கழித்த பல பத்தாண்டுகளைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

சுவிட்ச் என்றதும் மின்விளக்கின் சுவிட்ச் நினைவுக்கு வரலாம். இது அதுவல்ல. பல துளைகள் கொண்ட ஒரு தட்டைப் பெட்டி. ஒவ்வொரு துளையிலும் ஒரு கணனியின் கம்பி. எந்தக் கணனியிலிருந்து வரும் தகவல் எந்தக் கணனிக்குப் போகவேண்டும் என்று பிரித்து அனுப்புவது அதன் வேலை. அதற்குள் ஒரு பட்டியலையும் எழுதி வைக்கலாம். யார் எங்கே போகலாம், யார் போகக்கூடாது என்ற பட்டியல். ஆங்கிலத்தில் அக்செஸ் கன்ட்ரோல் லிஸ்ட் என்கிறார்கள். நாம் அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல் என்று சொல்லிக்கொள்வோம். ஒவ்வொரு வரியும் 'அனுமதி' என்று தொடங்கும். அல்லது 'மறுப்பு' என்று தொடங்கும். அவ்வளவுதான்.

அந்தக் கல்வி நிலையத்தின் தேவை எளிமையானது. மாணவர் அறைக் கணனிகள் கணக்கறைக் கணனிகளைத் தொடக்கூடாது. ஆனால் கணக்கறையில் இருக்கும் அச்சு இயந்திரத்தை மட்டும் மாணவரும் பயன்படுத்த வேண்டும். மருமகன் முதலில் 'மாணவர் அறையிலிருந்து கணக்கறைக்கு மறுப்பு' என்று எழுதினார். அதன் கீழே 'மாணவர் அறையிலிருந்து அச்சு இயந்திரத்துக்கு அனுமதி' என்று எழுதினார். அச்சு இயந்திரம் வேலை செய்யவில்லை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தேன். அனுமதி என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தது.

"மாமா, இது மேலேருந்து கீழ வாசிச்சிக்கிட்டு வரும். எந்த வரி முதல்ல பொருந்துதோ அதோட நிண்டிரும். அதுக்குக் கீழ என்னத்த எழுதி வச்சாலும் பாக்காது" என்றார்.

அச்சு இயந்திரம் கணக்கறைக்குள்ளே இருப்பதால் முதல் வரியிலேயே மறுப்பு விழுந்துவிட்டது. இரண்டாவது வரியிலிருந்த உரிமை எழுத்தில் மட்டும் இருந்தது. நமது அரசியலமைப்பில் மொழியுரிமை பற்றி எழுதப்பட்டிருப்பதும், அம்பாறைக் கச்சேரிக்குப் போகும் கரையோரத் தமிழ் பேசும் மனிதர் சிங்களப் படிவத்தோடு திரும்பி வந்த அனுபவங்களும் எனக்கு நினைவுக்கு வந்தன. உரிமை எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டு நாம் திருப்தி அடைகிறோம். அது எத்தனையாவது வரியில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்பதில்லை.

வரிசையை மாற்றினார். அச்சு இயந்திரம் ஓடியது. ஆனால் இப்போது மாணவர் அறையில் இணையம் அடியோடு நின்றுபோனது. இணையத்தைப் பற்றிப் பட்டியலில் ஒரு சொல்லும் இல்லை. அனுமதி ஒன்று, மறுப்பு ஒன்று, இரண்டே வரிகள். யாரும் மறுக்காத ஒன்று எப்படி மறுக்கப்பட்டது என்று கேட்டேன். மருமகன் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

"எழுதாத ஒரு வரி கடைசியில இருக்கு மாமா. கண்ணுக்குத் தெரியாது. எந்த வரியிலயும் பொருந்தாத எல்லாத்தையும் மறுத்திரு எண்டு. அத நான் மறந்துட்டன்."

எந்தப் பட்டியலானாலும் அதன் முடிவில் இந்த மறைமுக மறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். ஒரே ஒரு வரி எழுதிப் பட்டியலைப் போட்டாலும் போதும், கண்ணுக்குத் தெரியாத அந்த வரியும் கூடவே வந்துவிடும். மற்றவர்கள் போகவேண்டுமென்றால் 'மற்ற எல்லாவற்றுக்கும் அனுமதி' என்று நாமே எழுதிவைக்க வேண்டும். எழுத மறந்தால், நாம் பெயர் சொல்லாத அனைவரும் தடுக்கப்பட்டவர்கள்.

அந்த வரியை நான் முன்னரே அறிவேன். பெயர்தான் தெரியாமல் இருந்தது. யுத்த காலத்தில் எங்கள் பகுதியிலிருந்து கொழும்புக்குப் பயணம் செய்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். சோதனைச்சாவடியில் பஸ் நிற்கும். இறங்கி வரிசையில் நடக்க வேண்டும். தேசிய அடையாள அட்டையைக் காட்டி, எங்கே போகிறாய், ஏன் போகிறாய், யார் வீட்டில் தங்குவாய் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் எந்த வரியிலும் பொருந்தாவிட்டால் பஸ் போய்விடும், நாம் நிற்போம். என்ன குற்றம் என்று கேட்டால் குற்றம் ஒன்றும் இல்லை. அனுமதிக்கக் காரணம் இல்லை, அவ்வளவே. ஒருமுறை என்னை நிறுத்தி வைத்திருந்த இளம் சிப்பாயின் கையில் தட்டச்சு செய்த பெயர்ப்பட்டியல் இருந்தது. எங்கள் ஊர்களில் வீட்டுக்கு இரண்டு முகம்மது இருப்பார்கள். பெயரில் பாதி பொருந்தியது. பாதி போதுமானதாக இருந்தது.

இந்தப் 'பாதி பொருந்தினால் போதும்' என்பதற்கும் சுவிட்சில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு கணனிக்கும் நான்கு எண்கள் கொண்ட முகவரி இருக்கிறது. முகவரியின் எந்தப் பகுதியைச் சரிபார்க்க வேண்டும், எந்தப் பகுதியைக் கவனிக்காமல் விடவேண்டும் என்று சொல்ல, அதன் பக்கத்தில் இன்னொரு எண் வரிசையை எழுதுகிறார்கள். வைல்ட்கார்ட் மாஸ்க் என்று பெயர். 0.0.0.255 என்று எழுதினால் முதல் மூன்று எண்களையும் பார், கடைசி எண் எதுவாயினும் பரவாயில்லை என்று பொருள். 256 முகவரிகள் ஒரே வரியில் அகப்படும். ஒரு இலக்கத்தை மாற்றி 0.0.255.255 என்று எழுதிவிட்டால் 65,536 முகவரிகள். தட்டச்சில் நொடிநேர வேலை. 2019 மே மாதத்தில் மகியங்கனைப் பக்கம் ஒரு முஸ்லிம் பெண், அவர் அணிந்திருந்த சட்டையில் இருந்த கப்பல் சுக்கானின் சக்கரத்தைத் தர்மசக்கரம் என்று கருதிய பொலிஸாரால் கைது செய்யப்பட்டார். சக்கரம் என்பது பொருந்தியது. எந்தச் சக்கரம் என்பதைச் சரிபார்க்க வேண்டியதில்லை என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள் போலும்.

இனி விடயத்துக்கு வருகிறேன்.

2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அம்பாறை நகரிலுள்ள ஒரு முஸ்லிம் உணவகத்தில், உணவில் கிடந்த கட்டியொன்றைக் காட்டி அது மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரை என்று சிலர் கூச்சலிட்டனர். சிங்களம் சரியாகப் புரியாத கடைக்காரர், சூழ்ந்து நின்று மிரட்டியவர்களுக்குத் தலையசைத்தது காணொளியாகிப் பரவியது. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. அது மாக்கட்டிதான் என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அப்படியொரு மாத்திரையே மருத்துவ உலகில் கிடையாது. ஆனால் காணொளி கண்டி மாவட்டத்துக்குப் போய்விட்டது. மார்ச் தொடக்கத்தில் திகன, தெல்தெனியப் பகுதிகள் எரிந்தன. 6 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம். 7 ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியன நாடு முழுவதும் முடக்கப்பட்டன. பேஸ்புக் திரும்பி வந்தது 15 ஆம் திகதி.

அந்தத் தடையை நான் வரவேற்றேன். மறைப்பதற்கில்லை. எங்கள் வீட்டுக்குச் சில மைல் தூரத்தில் ஒரு பொய் பள்ளிவாசலை உடைத்திருக்க, கருத்துச் சுதந்திரம் பற்றிக் கொழும்பில் இருந்தவர்கள் எழுதியவை எனக்கு எரிச்சலையே தந்தன. நெருப்புப் பிடித்த வீட்டில் மின்சாரத்தைத் துண்டிப்பது போன்ற வேலை அது என்று நண்பர்களிடம் வாதாடினேன். பெப்ரவரி 26 க்கும் மார்ச் 7 க்கும் இடையில் 9 நாட்கள் இருந்தன என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மறு ஆண்டு கதை வேறு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்த அன்றே சமூக ஊடகங்கள் மறுபடி முடக்கப்பட்டன. 26 ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை சாய்ந்தமருதில், குண்டுதாரிகளின் கூட்டத்தினர் ஒளிந்திருந்த வீட்டைப் பற்றி ஊரவர்களே பொலிஸுக்குத் தகவல் கொடுத்தனர். துப்பாக்கிச் சண்டை நடந்தது. உள்ளே இருந்தவர்கள் குண்டுகளை வெடிக்கச் செய்தனர். 6 சிறுவர்கள் உட்பட 15 பேர் மடிந்தனர். கல்முனை, சம்மாந்துறை, சவளக்கடை பொலிஸ் பிரிவுகளில் ஊரடங்கு.

அந்த இரவு எங்கள் கரையோர ஊர்களின் நிலையை வெளிநாடுகளில் உள்ள வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டாரிலும் சவூதியிலும் குவைத்திலும் பிள்ளைகள் உழைக்காத வீடு இங்கே குறைவு. அந்தப் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் இடையில் இருந்த ஒரே பாதை வட்ஸ்அப். 'சாய்ந்தமருது' என்ற ஊர்ப்பெயரைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைக்கு உம்மா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க வழியில்லை. சாதாரணத் தொலைபேசி இருந்தது, உண்மை. ஆனால் வெளிநாட்டு அழைப்புக்குக் கைத்தொலைபேசியில் காசு போட்டுப் பழகியவர்கள் யார் இருந்தார்கள்? காசு போடுவதற்குக் கடை திறந்திருக்கவுமில்லை. எனது வீட்டுக்கு அன்றிரவு ஒரு அழைப்பு வந்தது. தோஹாவிலிருந்து அடுத்த தெருப் பையன். என்னிடம் பழைய கம்பித் தொலைபேசி இன்னும் இருப்பது யார் மூலமாகவோ தெரிந்து, எண்ணைத் தேடி எடுத்திருந்தார். "காக்கா, எங்கட வீட்டுப் பக்கம் சத்தம் கேட்டதா?" என்ற கேள்வியை முடிக்கும் முன்பே அழுதுவிட்டார். ஊரடங்கில் நான் அடுத்த தெருவுக்கும் போகமுடியாது. மதில் வழியாகப் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்து, அவர்கள் அடுத்த மதிலுக்குக் குரல் கொடுத்து, இப்படித்தான் அவரது உம்மா நலமாக இருப்பதை அறிந்து சொன்னேன். 21 ஆம் நூற்றாண்டில் எங்கள் ஊரின் தொலைத்தொடர்பு மதிலுக்கு மதில் கூப்பிடுவதாக இருந்தது.

தகவல் கொடுத்ததும் அந்த ஊர் மக்கள்; தகவல் துண்டிக்கப்பட்டதும் அந்த மக்களுக்குத்தான்.

இந்தத் தடை யாருக்கு எதிரானது? பொய்யைப் பரப்புகிறவனுக்கு எதிரானது என்று சொல்லப்பட்டது. ஏப்ரல் 30 இல் தடை நீங்கியது. மே 13 இல் சிலாபம், குளியாப்பிட்டிப் பக்கச் சம்பவங்களுக்குப் பின் மீண்டும் போட்டார்கள். தடை போட்ட அன்று மாலையே மினுவாங்கொடையில் கடைகள் எரிந்தன. எரித்தவர்களுக்கு பேஸ்புக் தேவைப்படவில்லை. பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்தார்கள்.

மருமகனிடம் இதைக் கேட்டபோது அவர் தொழில்முறைப் பதில் ஒன்றைச் சொன்னார். பட்டியலில் இரண்டு வகை உண்டாம். சாதாரணப் பட்டியல் யாரிடமிருந்து வருகிறது என்பதை மட்டுமே பார்க்கும். அதற்கு வேறு எதுவும் தெரியாது. விரிவுபடுத்திய பட்டியல் யாரிடமிருந்து, யாருக்கு, எந்த வாசல் வழியாக, என்ன வகைப் போக்குவரத்து என்று அனைத்தையும் பார்க்கும். எழுதுவது சிரமம், மூளை வேண்டும். ஆனால் வேண்டாததை மட்டும் தடுக்கலாம். அதை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கும் ஒரு விதி இருக்கிறது: விரிவான பட்டியலைப் புறப்படும் இடத்துக்கு அருகில் வை. வேண்டாத சரக்கு வலையமைப்பு முழுவதும் பயணம் செய்து முடிந்தபின் கடைசி வாசலில் தடுத்து என்ன பயன்?

2018 இல் செய்திருக்க வேண்டியது அதுதான். புறப்பட்ட இடம் தெரிந்திருந்தது. அந்தக் காணொளியும் அதைப் பரப்பிய கணக்குகளும் எல்லோர் கண் முன்னாலும் இருந்தன. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகளைப் பற்றி முறையிட்டவர்களுக்கு, இது எமது விதிகளை மீறவில்லை என்ற பதிலே பேஸ்புக் நிறுவனத்திடமிருந்து வந்துகொண்டிருந்தது. 2018 வன்முறையில் தனது தளம் வகித்த பங்குக்காக அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு ஆண்டுகள் பிந்திய மன்னிப்பு. வெறுப்பைப் பேசியவனை வெறுப்புப் பேச்சுக்காகச் சட்டத்தின் முன் நிறுத்துவது விரிவான பட்டியல். 2 கோடிக்கு மேற்பட்ட மக்களின் வாசலை ஒரே வரியில் மூடுவது சாதாரணப் பட்டியல். எழுதுவதற்கு இலகு என்பதைத் தவிர அதற்கு வேறு சிறப்புக் கிடையாது.

அந்த ஒரே வரியும் வேலை செய்ததா? சுவிட்ச் பார்ப்பது உறையின் மேலிருக்கும் முகவரியை. வீ.பி.என் என்பது ஒரு கடிதத்தை இன்னொரு உறைக்குள் போட்டு, வேறு முகவரி எழுதி அனுப்புவது. பட்டியலில் அந்த வெளிமுகவரி இல்லை, ஆகவே கடிதம் போய்விடும். 2018 இலும் 2019 இலும் கொழும்பு இளைஞர்கள் பத்து நிமிடத்தில் அதைக் கற்றுக்கொண்டார்கள். பொய் பரப்பியவர்களும் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொள்ளாதவர்கள் எங்கள் ஊர்த் தாய்மார். 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, மக்கள் எழுச்சியின்போது பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு சமூக ஊடகங்களை முடக்கியபோது, அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே வீ.பி.என் இருக்கையில் இத்தகைய தடைகள் பயனற்றவை என்று பகிரங்கமாகச் சொன்னார். அன்று பிற்பகலே தடை நீங்கியது. அரசன் குடும்பத்துக்கு அசௌகரியம் ஏற்பட்டால் பட்டியல் எவ்வளவு விரைவாகத் திருத்தப்படுகிறது பாருங்கள்.

அவசரத்தில் எழுதும் ஒரு வரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்றுண்டு. 2008 பெப்ரவரி 24 ஆம் திகதி பாகிஸ்தான் அரசு யூடியூபைத் தடுக்கச் சொன்னது. பாகிஸ்தான் டெலிகொம் நிறுவனம், யூடியூபுக்குப் போகும் வழி என்னிடம் இருக்கிறது என்று ஒரு பொய் வழியைத் தனது நாட்டுக்குள் அறிவித்தது, வருகின்றவர்களைக் குழியில் தள்ளுவதற்காக. அந்த அறிவிப்பு வெளியே கசிந்துவிட்டது. உலகின் பல பாகங்களிலும் யூடியூபைத் தேடியவர்கள் பாகிஸ்தானின் குழியில் விழுந்தார்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகுக்கே யூடியூப் இல்லை.

பத்திரிகைக்காரன் என்ற முறையில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவசரகால விதிகளின் கீழ்க் கடும் தணிக்கை வந்தது. செய்திகள் தணிக்கை அதிகாரியின் பார்வைக்குப் போய் வெட்டுகளோடு திரும்பின. நான் தொலைநகலில் அனுப்பிய செய்தியொன்றில் இருபது வரிகளில் நான்கு மிஞ்சின. சண்டே லீடரும் யாழ்ப்பாணத்தின் உதயனும் அந்த மாதத்தில் மூடப்பட்டன. கொடுமைதான். ஆனால் மூடும் கட்டளை காகிதத்தில் இருந்தது, அதில் கையொப்பம் இருந்தது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு சண்டே லீடர் உச்ச நீதிமன்றம் போயிற்று. தணிக்கை அதிகாரியின் நியமனமே முறையானதல்ல என்று நீதிமன்றம் சொன்னது. பத்திரிகையில் வெற்றிடம் விட்டால் வாசகர் அந்த வெள்ளையைப் பார்த்துப் புரிந்துகொள்வார். வெட்டுப்பட்டது தெரியும்.

2007 ஜூனில் தமிழ்நெற் இணையத்தளம் இலங்கையில் முடக்கப்பட்டபோது எங்கே இருந்தது வெள்ளை இடம்? பக்கம் திறக்கவில்லை. இணைப்புத்தான் மோசம் என்று நானே எண்ணி, மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டேன். தடுக்கப்பட்டவனுக்குத் தான் தடுக்கப்பட்டது தெரியாது. இதுதான் பழைய தணிக்கைக்கும் சுவிட்ச் தணிக்கைக்கும் உள்ள வேறுபாடு. கையொப்பம் இல்லாத இடத்தில் வழக்கும் இல்லை.

மருமகனின் தொழிலில் இதற்கும் ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு விதிக்கும் மேலே 'ரிமார்க்' என்று ஒரு குறிப்பு வரி எழுதலாம். இயந்திரம் அதைப் பொருட்படுத்தாது, மனிதருக்காக மட்டும். யார் கேட்டது, எதற்காக, எந்தத் திகதி. விதியின் முடிவில் 'லாக்' என்று சேர்த்தால், அந்த விதியால் யார் யார் தடுக்கப்பட்டார்கள் என்று பதிவாகும். இவை இரண்டும் கட்டாயமல்ல. நல்ல தொழிலாளி எழுதுவார், மற்றவர் விட்டுவிடுவார். நம் நாட்டில் தளங்களை முடக்கும் கட்டளைகளுக்கு ரிமார்க்கும் இல்லை, லாக்கும் இல்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபின் தான், எவை எவை எவர் சொல்லி முடக்கப்பட்டன என்று கேட்கவே ஒரு வழி பிறந்தது. கேட்க வேண்டியிருக்கக் கூடாது என்பது எனது வாதம். முடக்கும் கட்டளை ஒவ்வொன்றும், காரணத்தோடும் கையொப்பத்தோடும், முடக்கிய அன்றே வெளியிடப்பட வேண்டும். திறக்க முயல்கிறவரின் திரையில், இது இன்னாரின் கட்டளையால் மூடப்பட்டிருக்கிறது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்க வேண்டும். 2024 ஜனவரி 24 இல் பாராளுமன்றம் 108 க்கு 62 என்ற வாக்குகளால் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது, வெறுப்புப் பேச்சிலிருந்து எம்மைக் காப்பதற்கென்றே அது வருகிறது என்று எங்கள் சமூகத்தில் சிலர் நம்பினார்கள். 2018 இல் நான் நம்பியதைப் போல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்பொருமுறை மருமகன் வீட்டிலிருந்தபடியே தூரத்து அலுவலகமொன்றின் சுவிட்சில் ஒரு பட்டியலைப் போட்டார். எண்டர் தட்டிய கணமே திரை உறைந்துவிட்டது. தனது சொந்த இணைப்பைத் தானே மறுத்துவிட்டார். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கடைசி வரிதான். நள்ளிரவில் மோட்டார் சைக்கிளில் போய், காவலாளியை எழுப்பி, பெட்டியின் முன்னால் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியதாயிற்று. பெரியவர்களுக்கும் இது நேர்கிறது. 2021 அக்டோபர் 4 ஆம் திகதி பேஸ்புக் நிறுவனம் தனது வலையமைப்பில் செய்த ஒரு தவறால் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் மறைந்துபோனது. சரிசெய்யப் போன சொந்தப் பொறியியலாளர்களே உள்ளே நுழைய முடியாமல் திண்டாடினார்கள்.

அன்றிலிருந்து மருமகன் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். தூரத்திலிருந்து பட்டியல் போடும் முன்னர் 'ரீலோட் இன் 10' என்று ஒரு கட்டளை. பத்து நிமிடத்தில் நீ தானாகவே மறுபடி தொடங்கு என்று சுவிட்சுக்குச் சொல்லி வைப்பது. புதிய விதியைச் சேமிக்காமல் போட்டுப் பார்ப்பார். எல்லாம் சரியென்றால் கட்டளையை நீக்கிவிட்டுச் சேமிப்பார். தவறென்றால், தான் வெளியே அடைபட்டுவிட்டாலும், பத்தாவது நிமிடத்தில் சுவிட்ச் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

1979 இல் இந்த நாட்டில் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபோது அதன் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று இருந்தது. ஆயுள் மூன்று ஆண்டுகள். அதுவும் ஒரு ரீலோட்தான். 1982 இல் அந்த ஆயுள் வரம்பை நீக்கிச் சேமித்துவிட்டார்கள். பெயரில் தற்காலிகத்தை வைத்துக்கொண்டே நான்கு தசாப்தங்களுக்கு மேலாக அது நடைமுறையில் இருந்தது. முதலில் தமிழ் இளைஞர்களுக்கு, 2019 க்குப் பின் எங்கள் பிள்ளைகளுக்கு.

கல்வி நிலையத்துக் கதையை முடித்துவிடுகிறேன். சுவிட்சில் மருமகனுக்கு முன்னர் வேலை செய்த யாரோ எழுதிய பழைய வரி ஒன்று இருந்தது. மாணவர் பக்கத்துக் கணனி ஒன்றின் முகவரியைக் குறிப்பிட்டு, எங்கேயும் போகக்கூடாது என்ற மறுப்பு. குறிப்பு எதுவும் இல்லை. ஏன் போட்டார்கள் என்று நிலையத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாததாலேயே எடுக்கவும் பயந்தார்கள். "இருக்கட்டுமே, என்ன நட்டம்" என்றார் நிர்வாகி. மருமகன் கேட்கவில்லை. எடுத்துப் பார்ப்போம், மூன்று நாளில் முறைப்பாடு வந்தால் திருப்பிப் போடுகிறேன் என்று எழுதி, திகதியும் போட்டு, வரியை நீக்கினார்.

முறைப்பாடு வரவில்லை. மூன்றாம் நாள் நூலகப் பொறுப்பாளரான பெண் தொலைபேசியில் அழைத்தார். நூலக மூலையில் இரண்டு வருடங்களாக ஒரு கணனி இணையம் வராமல் கிடந்ததாம். கம்பியை மாற்றினார்கள், உள்ளே அட்டையை மாற்றினார்கள், கடைசியில் கைவிட்டு மேலே துணி போர்த்திவிட்டார்கள். தூசு தட்டுவதற்காகத் துணியை எடுத்த பிள்ளை விளையாட்டாகப் போட்டுப் பார்த்தபோது இணையம் வந்ததாம். திரையில் ஒட்டியிருந்த 'பழுது' என்ற காகிதத்தைக் கிழித்துவிடலாமா என்று கேட்கத்தான் அழைத்திருக்கிறார்.